கட்டையும் கமகமும்

மரபு, அந்நியம், வேர் ஆகிய சொற்களை வைத்துக்கொண்டு நம் பத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். இச்சொற்களை வாயால் சொல்லாமலே, அவற்றின் சிக்கலை ஞாயிறுதோறும் பத்து விரல்களால் சமாளித்துவரும் ஒரு கூட்டம் இருப்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது.

வங்கியில் அடுத்த கவுண்டரில் இருக்கும் நண்பர் தம் சபையில் ஆர்கன் வாசிப்பவர். ஏற்காட்டுப் பாதை மலையேறத் தொடங்கும் அடிவாரத்தில், சுற்றுவட்டாரச் சபைகளின் வாசிப்பாளர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி. "சும்மா வாங்க சார், சாப்பாடு உண்டு" என்றார். போனேன்.

பதினைந்து பேர் இருக்கும். ஆர்கன் என்ற பெயர்தான். இருந்தது எலக்ட்ரானிக் கீபோர்டு. கால்மிதி ஆர்கன் ஒன்று துருத்தி கிழிந்து மூலையில் துணிபோர்த்திக் கிடந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காலையில் பாமாலை. விரல் வித்தை எதையும் அவர் காட்டவில்லை. முதல் வரியை வாசித்துக் காட்டு, நில், சபை மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டபின் ஆரம்பி; கிழவிகள் இழுத்துப் பாடுவார்கள், நீயும் கூட இழுத்தால் பாட்டு செத்துப்போகும், முந்தி ஓடினால் நீ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாய். இப்படியே உணவு இடைவேளை வரை போயிற்று. இசையைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் இதையும் சேர்ப்பேன்.

மத்தியானம் கீர்த்தனை. ஆனந்தபைரவியில் ஒன்றை ஒரு பெண் வாசித்தாள். வலது கையில் மெட்டு, இடது கையில் கார்டு. பாதியில் நிறுத்தினார் ஆசிரியர். "இடது கையை எடும்மா." ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏன் என்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பாட்டு இரண்டு சாதி. பாமாலை என்பது ஜெர்மன், ஆங்கில ஞானப்பாட்டுகளின் தமிழாக்கம். மேனாட்டு மெட்டு, நான்கு குரல் அடுக்கு. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம், ராகம், தாளம் எல்லாம் உள்ளது. இரண்டாவதன் மூலபுருஷர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் வளர்ப்பு. சரபோஜி மன்னருடன் பயின்றவர். கிறிஸ்துவைப் பாடக் குறவஞ்சியையே எடுத்துக்கொண்டவருக்கு ராகமும் தாளமும் அந்நியமாய்ப் பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் ஷ்வார்ட்ஸுக்குப் பின்வந்த புதிய மிஷனரிகளுக்கு அப்படிப் பட்டது. ஆராதனையில் தமிழ்ப் பாட்டை விலக்கினார்கள். 1820களின் இறுதியில் சாஸ்திரியார் அவர்களை எதிர்த்து எழுதியபோது நான்கு கொடுமைகளைச் சொன்னார்: வேதத்தின் தமிழை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவை விலக்குகிறார்கள், தமிழ் இசையை விலக்குகிறார்கள்.

இந்தப் பட்டியலை நாம் முழுதாகப் படிக்க விரும்புவதில்லை. நான்காவதை எடுத்துக்கொண்டு சாஸ்திரியாரைப் பண்பாட்டு வீரராக்குவது சுலபம். இரண்டாவதோ தொண்டையில் நிற்கிறது. நம் இசைக்காக நின்ற அதே மனிதர், அதே மூச்சில், சாதிப் பிரிவினைக்காகவும் நின்றார். அவருக்கு இரண்டும் ஒரே உடைமை. முதலாவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஏற்காட்டில் 1882இல் இறந்தவர் பீட்டர் பெர்சிவல். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்ட, பேச்சுத் தமிழுக்குக் காது இருந்த மனிதர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் செய்த வேதமொழிபெயர்ப்பு 1850இல் வந்தது, சபை ஏற்கவில்லை. நல்ல தமிழா என்பதல்ல கேள்வி, கேட்டுப் பழகிய தமிழா என்பதே. மெட்டுக்கும் இதுதான்.

சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் ஆராதனைக்கென அச்சிட்டவர் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப். விலக்கியதும் மிஷனரி, திருப்பிக் கொடுத்ததும் மிஷனரி. அதற்குள் ஹார்மோனியம் பிறந்துவிட்டது. பாரிஸில் டெபேன் அதற்கு 1842இல் காப்புரிமை பெற்றார். ஹார்மோனியத்தில் துருத்தி காற்றை நாக்குகளின் வழியே வெளியே தள்ளுகிறது. அமெரிக்க ஆர்கனில் உள்ளே உறிஞ்சுகிறது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு இவை இரண்டுமே வரப்பிரசாதம். ஆனால் கட்டை கட்டைதான். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. அதற்கு நடுவே ஒன்றும் கிடையாது. சங்கராபரணத்தை ஒருவாறு ஒப்பேற்றலாம். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது. அதை எந்தக் கட்டையில் தேடுவது? இடது கையில் கார்டு போட்டாலோ, அசைய வேண்டிய சுரத்தை மூன்று ஆணி வைத்து அறைந்த மாதிரி. பாமாலைக்கு உயிரான அதே கை கீர்த்தனைக்கு எமன்.

மேனாட்டு வாத்தியம் என்பதற்காக நாம் எதையும் தள்ளியதில்லை. வயலினை பாலுசாமி தீட்சிதர் காலத்திலேயே எடுத்துக்கொண்டோம். அது வழுக்கும், கமகம் பேசும். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பாண்டு மெட்டுகளுக்கே சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரம் ஆக்கினார். தியாகராஜ கிருதிகளை மேனாட்டு ஸ்டாஃப் குறியீட்டில் 1890களில் அச்சிட்டவர் சின்னசாமி முதலியார், கத்தோலிக்கர். ஹார்மோனியம் மட்டும் மாட்டிக்கொண்டது. ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் 1914இலேயே அதைச் சாடினார். அகில இந்திய வானொலி 1940இல் தடையே போட்டது. தளர 1970கள் ஆயின. வாதம் சரியானதுதான். ஆனால் அது கச்சேரிக்காரரின் வாதம். முந்நூறு பேர் ஒரே சுருதியில் சேர்ந்து பாட வேண்டிய இடத்தின் கஷ்டம் அதில் இல்லை. தேவாலயத்தில் கமகம் சபையின் தொண்டையில் இருக்கிறது. கட்டை சுருதியும் காலமும் காட்டினால் போதும். "இடது கையை எடும்மா" என்பதன் பொருள் இவ்வளவுதான். எந்தக் கருத்தரங்கமும் இந்தத் தீர்வைச் சொல்லவில்லை. வாசித்து வாசித்துக் கண்டது.

இப்படி வாசிப்போரையும் பாடுவோரையும் சேர்த்துவைத்துப் பழக்குவதும் புதிதல்ல. பக்கத்து ஈரோட்டில் லண்டன் மிஷனில் இருந்த எச். ஏ. பாப்லி, எல். ஐ. ஸ்டீபனுடன் சேர்ந்து இசைவழிச் சுவிசேஷத்துக்கு ஒரு கைநூல் எழுதினார். காலட்சேப முறையைச் சபை ஊழியத்துக்கு எடுத்துக்கொண்டார். இந்திய இசைக்குக் கோடைப் பள்ளி நடத்தினார். 1921இல் வந்த அவருடைய இந்திய இசை நூலை இன்றும் படிக்கலாம். ஆனால் பாப்லிக்கு இந்திய இசை என்றால் பெரும்பாலும் ராக இசைதான்.

அது யாருடைய இசை என்று முகத்துக்கு நேரே கேட்டவர், மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் (1940–2005). சபையில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்களாயிருக்க, கீர்த்தனையின் கர்நாடக மெட்டு மட்டும் எப்படித் தமிழ் மரபாகும்? நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அவர் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். சாஸ்திரியாரின் இரண்டாவது கொடுமைக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று எனக்குப் படுகிறது. தமிழிசை இயக்கத்துக்குக்கூட இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாகப் படவில்லை.

அடிவாரத்துப் பயிற்சியில் அந்த மூன்றாவது வகைப் பாட்டு வரவில்லை. நான்கு மணிக்கு ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுத்தார்: பாமாலை ஒன்று நான்கு குரலிலும், கீர்த்தனை ஒன்று வலது கையில் மட்டும். சேலம் பஸ்ஸில் நண்பரிடம் கேட்டேன். அவர் சபையில் இளைஞர்கள் ஆராதனையில் பறை வேண்டும் என்கிறார்களாம். மூப்பர்கள் கூடாது என்கிறார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னை யார் சார் கேட்டா? கீபோர்டுல ஒரு பட்டனை அமுத்தினா மேளச் சத்தம் வருது. போன வாரம் அதை வச்சுட்டேன். ரெண்டு பக்கமும் திட்டுறாங்க."

டவுன் வந்துவிட்டது. மறுநாள் காலை ஆராதனைக்கு அவர் பாட்டு எடுத்துவைக்க வேண்டும் என்று அவசரமாக இறங்கிப் போனார்.