பறவைகளுக்கு விசர் பிடித்த இரவு

1961 ஓகஸ்ட் 18. அதிகாலை மூன்று மணி இருக்கும். கலிபோர்னியாவில் மொன்ரறே விரிகுடாவின் வடகரையில், சான்ரா குரூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த கடலோர வீடுகளில் ஆக்கள் திடுக்கிட்டு எழும்பினார்கள். கூரையிலும் சுவரிலும் யன்னலிலும் ஏதோ தொப்புத் தொப்பென்று வந்து மோதிக்கொண்டிருந்தது. சிலர் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்த வேகத்திலேயே திரும்பி உள்ளே ஓடினார்கள். வெளியில் ஒரே புகார். அந்தப் புகாருக்குள்ளிருந்து பெரிய கடற்பறவைகள் நேரே ரோச் வெளிச்சத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன.

விடிந்து பார்த்தால் றோட்டெல்லாம் பறவைகள். செத்துக் கிடந்தவை, எழும்ப முடியாமல் தத்தளித்தவை, கம்பியில் சிக்கியவை. சில இடங்களில் கரண்ட் இல்லை. ரீவி அன்ரெனாக்கள் முறிந்து கிடந்தன. எட்டுப் பேர் தங்களைப் பறவை கடித்ததாகச் சொன்னார்கள். இதையெல்லாம் விட ஆக்களை அரியண்டப்படுத்தியது நாற்றம். பறவைகள் சத்தி எடுத்திருந்தன. புல்வெளியிலும் வீதியிலும் பாதி சமித்த நெத்தலித் துண்டுகள், மீன் எலும்புகள்.

உள்ளூர்ப் பத்திரிகையான சான்ரா குரூஸ் சென்ரினல் இதை அன்றே முன்பக்கத்தில் போட்டது. மோதிய சத்தம், புகார், ரோச் லைற், கடி, நாற்றம் எல்லாம் அதில் வந்தன. அந்த நாற்றத்தை ஒருதரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அதுதான் இந்தக் கதையின் முக்கியமான சாட்சி ஆகப்போகிறது.

அந்தப் பறவையின் பெயர் சூட்டி ஷியர்வோட்டர். கரிப்பிடித்த மாதிரி ஒரு கபில நிறம். நியூசிலாந்து, சிலி போன்ற தென்பகுதிக் கரைகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். பிறகு பசுபிக் சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து வடக்கே சாப்பாடு தேடி வரும். 2006இல் வெளியான ஆய்வொன்றில் இவற்றின் காலில் சிறு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 64,000 கிலோமீற்றர் பறக்கிற பறவை இது. அவ்வளவு தூரம் வழி தப்பாமல் போய்வருகிற ஒன்று, ஒரு இரவில் ஆயிரக்கணக்கில் வந்து வீட்டுச் சுவரில் மோதுகிறது என்றால், சும்மா விசர் எண்டு சொல்லிவிட்டுப் போகமுடியாது.

ஆனால் உலகம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனது. அதற்குக் காரணம் ஒரு படம்.

அல்பிரட் ஹிட்ச்கொக்குக்கு சான்ரா குரூஸுக்குக் கிட்ட, ஸ்கொட்ஸ் வலியில் ஒரு வீடு இருந்தது. செய்தியைக் கேள்விப்பட்டவர் சென்ரினலுக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் பத்திரிகையின் பிரதி ஒன்று கேட்டார். டஃப்னி டு மோரியே 1952இல் வெளியிட்ட ஒரு சிறுகதையைப் படமாக்கும் யோசனை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் நடக்கிற அந்தக் கதையை அவர் கலிபோர்னியாக் கரைக்குக் கொண்டுவந்தார். 1963இல் 'த பேர்ட்ஸ்' வெளிவந்தது. பறவைகள் ஏன் தாக்குகின்றன என்பதற்குப் படம் கடைசிவரை காரணம் சொல்வதில்லை. அதன் பயமே அதில்தான் இருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் ஒரு இடத்தைக் கவனியுங்கள். இரவில் ஒரு கடற்காகம் வீட்டுக் கதவில் மோதிச் செத்து விழுகிறது. பாவம், இருட்டில் வழி தவறியிருக்கும் என்று ஒரு பெண் நினைக்கிறாள். மற்றவள், இன்றைக்கு முழுநிலா அல்லவா, இருட்டு எங்கே என்கிறாள். சான்ரா குரூஸில் உண்மையில் இருந்தது புகாரும் இருட்டும். அன்றைய பத்திரிகையிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழக விலங்கியலாளர் ஒருவர், பறவைகள் புகாரில் திசை தவறி வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்று சொல்லியிருந்தார். படத்துக்கு அந்த விளக்கம் உதவாது. அதனால் நிலா வந்துவிட்டது. பறவையிடம் மிஞ்சியது வன்மம் மட்டும்.

அறிவியல் இந்த இடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்தது. 1987இன் கடைசியில் கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் வளர்த்த மட்டிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயாளிகளானார்கள். சத்தி, வயிற்றோட்டம், பிறகு குழப்பம், மறதி. சிலர் இறந்தார்கள். உயிர் தப்பிய சிலருக்குப் புதிய விடயங்களை நினைவில் வைக்கும் திறன் திரும்பவேயில்லை. கனேடிய ஆய்வாளர்கள் சில நாட்களிலேயே நஞ்சைக் கண்டுபிடித்தார்கள்: டொமோயிக் அமிலம். ஜப்பானில் ஒரு கடற்பாசியிலிருந்து 1950களிலேயே பிரித்தெடுத்த பொருள்தான். அங்கே குடற்புழுவுக்கு மருந்தாக அந்தப் பாசியைப் பாவித்திருக்கிறார்கள். கனடாவில் அதை உருவாக்கியது சூடோ-நிட்ஷியா என்கிற, கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவப் பாசி. மூளையில் நரம்புகளைத் தூண்டுகிற குளுற்றமேற்றைப் போலவே இந்த அமிலம் நடிக்கும். நரம்புகள் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், கடைசியில் கருகிப்போகும். நினைவுக்குப் பொறுப்பான பகுதிதான் முதலில் அடிபடும். வலிப்பு வரும். திசை தெரியாது.

1991 செப்ரெம்பரில் அதே மொன்ரறே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் தள்ளாடித் தள்ளாடிச் செத்தன. அவற்றின் வயிற்றில் இருந்தது நெத்தலி. நெத்தலியின் குடலில் இருந்தது சூடோ-நிட்ஷியா. பாசி நிறையப் பெருகும் நாட்களில் நெத்தலி அதை வடிகட்டித் தின்னும். நெத்தலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, தின்கிற பறவைக்குத்தான் ஆபத்து. அப்போதுதான் சிலருக்கு 1961 ஞாபகம் வந்தது. பழைய பத்திரிகைச் செய்தியை எடுத்துப் பார்த்தால் அங்கே அந்த நாற்றம்: சத்தி எடுத்த நெத்தலி. 1961இல் அதை எழுதிய செய்தியாளருக்கு டொமோயிக் அமிலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாறியது, அதனால் எழுதினார்.

ஆனால் இது சந்தேகம் மட்டும்தான். 1961இல் செத்த பறவைகளை அள்ளி எறிந்துவிட்டார்கள். எதைச் சோதிப்பது? பதில் போத்தல்களில் இருந்தது. கலிபோர்னியாக் கரையில் மத்தி மீன் அழிந்துபோனதன் காரணத்தைத் தேடி 1949 முதல் கப்பல்கள் ஒழுங்காகக் கடல்நீரை வலைவீசி, அகப்படுகிற நுண்ணுயிர்களைப் போத்தலில் போட்டு வைத்தன. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் அவை வரிசையாக இருக்கின்றன. லூசியானா அரச பல்கலைக்கழகத்தின் சிபெல் பார்குவும் கூட்டாளிகளும் 1961 யூலை, ஓகஸ்ட் மாதப் போத்தல்களை எடுத்து, உள்ளே இருந்த நுண்விலங்குகளின் குடலில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அவை தின்ற டயற்றம் பாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நஞ்சு உருவாக்கும் சூடோ-நிட்ஷியா வகை. அந்த முடிவு 2012இல் வெளியானது. மத்தி மீனுக்காக நிரப்பி வைத்த போத்தல், ஐம்பது வருடம் கழித்து ஹிட்ச்கொக்கின் பறவைகளுக்காகத் திறந்தது. வரலாற்று மூலம் என்றால் கடிதம், கல்வெட்டு, பழைய பேப்பர் என்று எங்களுக்கு முதலாம் வருடத்தில் படிப்பிக்கிற பட்டியலில் ஃபோமலினில் ஊறின குடல் இல்லை.

பாசி ஏன் அந்த வருடம் அப்படிப் பெருகியது என்பதற்கும் ஓர் ஊகம் உண்டு. அந்தக் காலத்தில் அந்தக் கரையில் வீடுகள் மளமளவென்று எழும்பின. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிந்த கழிவு கடலுக்கு உரமாகியிருக்கலாம் என்கிறார்கள். நிரூபிக்கப்பட்டது இல்லை. ஆனாலும் யோசிச்சுப் பாருங்கள்: வீட்டுக்காரரின் யன்னலில் வந்து மோதிய பறவைக்கு நஞ்சு வைத்தது அந்த வீட்டுக் குழியாகவே இருந்திருக்கலாம்.

மர்மம் தீர்ந்தது என்று ஊடகங்கள் எழுதியதில் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. நஞ்சு பாதி விளக்கம்தான். நஞ்சு தலைக்கேறிய பறவை கடலில் விழுந்து செத்திருக்கலாம். 1991இல் கூழைக்கடாக்கள் வீடுகளில் வந்து குவியவில்லை. 1961இல் அவற்றைக் கரைக்கு இழுத்தது புகாருக்குள் தெரிந்த தெருவிளக்கும் வீட்டு வெளிச்சமும். அந்த விலங்கியலாளர் சொன்னது பிழையில்லை. அந்தப் பாதிக்கு மிக நீண்ட வரலாறு இருக்கிறது.

வெளிச்சவீட்டுக் காவலர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலை 1886 முதல் 1902 வரை உத்தியோகபூர்வ வெளிச்சவீடாகவும் இருந்தது. வலசைக் காலத்தில் முகில் தாழ்ந்த இரவுகளில் பறவைகள் அந்தத் தீபத்தில் மோதி விழுந்தன. 1887இல் ஒரே காலையில் ஆயிரத்துக்கு மேல் பொறுக்கினார்கள். முதலில் அவை தொப்பி தைக்கிற கடைகளுக்கு அலங்காரமாக விலைப்பட்டன. பிறகு தீவுக்குப் பொறுப்பான இராணுவ அதிகாரி அதை நிறுத்தி, கணக்கெடுத்து, அறிவியல் நிறுவனங்களுக்கு அனுப்பவைத்தார். 1954 ஒக்ரோபரில் ஜோர்ஜியா மாநிலத்தின் வோர்னர் றொபின்ஸ் விமானப்படைத் தளத்தில், முகிலின் உயரத்தை அளக்க நேர்குத்தாகப் பாய்ச்சிய ஒளிக்கற்றைக்குள் பறவைகள் சிக்கிச் சுற்றி, ஓர் இரவில் ஏறத்தாழ 50,000 செத்தன. சிறு பறவைகளில் பல இரவில்தான் வலசை போகும். நட்சத்திரம் தெரியாத இரவில் கீழே இருக்கிற வெளிச்சம் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எங்கட பக்கமும் இது புதினமில்லை. செப்ரெம்பர், ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து இரவோடு இரவாக வருகிற ஆறுமணிக் குருவி, விடியும்போது ஏதாவது ஒரு வீட்டு விறாந்தையில் அடிபட்டோ களைத்தோ கிடக்கும். பல்லி சொன்னாலே பலன் பார்க்கிற ஊரில் அதற்கும் ஒரு பலன் சொல்லாமல் விடமாட்டார்கள்.

வெளிச்சம் பறவையைக் கீழே இறக்குகிறது. கொல்வது பெரும்பாலும் கண்ணாடி. பறவைக்குக் கண்ணாடி என்று ஒரு பொருள் தெரியாது. அதில் தெரிகிற மரம் மரம்தான், வானம் வானம்தான். இதை 1970களில் அமெரிக்காவில் டேனியல் கிளெம் என்ற ஆய்வு மாணவர் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, யன்னலில் குருவி மோதுவது யாருக்கும் ஆய்வுப் பொருளாகப் படவில்லை. 2014இல் வந்த மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 365 முதல் 988 மில்லியன் பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாகின்றன. ஹிட்ச்கொக்கின் இரவு ஒரு இரவு. இது எல்லா இரவும், எல்லாப் பகலும். ஒன்றிரண்டாக எங்கும் பரவி நடப்பதால் படம் எடுக்க ஆளில்லை.

சிக்காகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மக்கோர்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மண்டபம் இருக்கிறது. பெரிய கண்ணாடிச் சுவர். 1978இல் ஃபீல்ட் நூதனசாலையின் டேவிட் வில்லார்ட், அங்கே பறவைகள் மோதுவதாகக் கேள்விப்பட்டு ஒரு காலையில் பார்க்கப் போனார். கீழே கிடந்த சிலவற்றை எடுத்துவந்தார். பிறகு வலசைக் காலக் காலைகளில் போய்ப் பொறுக்குவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு கட்டடத்திலிருந்தே 40,000க்கு மேல் சேர்ந்தன. ஒவ்வொன்றின் கால் எலும்பையும் சிறகையும் அளந்து கையால் பேரேட்டில் எழுதினார். 2019இல் அந்தப் பேரேட்டிலிருந்து, சிக்காகோவில் 2016 வரை மோதிச் செத்த 70,716 பறவைகளின் அளவுகளை வைத்து ஆய்வு ஒன்று வந்தது. பார்த்தால், நாற்பது வருடத்தில் கால் எலும்பு 2.4 வீதம் குறுகியிருக்கிறது, சிறகு 1.3 வீதம் நீண்டிருக்கிறது. சூடேறும் உலகத்தில் பறவைகள் சிறுத்துக்கொண்டு போகின்றன என்று ஆய்வாளர்கள் வாசித்தார்கள். 2021இல் இன்னொரு ஆய்வு, அந்த மண்டபத்தில் எந்த யன்னலில் எந்த இரவு வெளிச்சம் இருந்தது என்ற குறிப்பையும் செத்த பறவைகளின் எண்ணிக்கையையும் பொருத்திப் பார்த்தது. வெளிச்சமான யன்னல்களைப் பாதியாக்கினாலே சாவு ஏறத்தாழ 60 வீதம் குறையும் என்றது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஒக்ரோபர் 5 காலை அந்த ஒரு கட்டடத்தின் கீழ் மட்டும் ஆயிரத்துக்குக் கிட்டப் பறவைகள் கிடந்தன. படங்கள் உலகமெல்லாம் போயின. அடுத்த கோடையில் கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். புள்ளிக்குப் புள்ளி ஐந்து சென்ரிமீற்றர் அளவு இடைவெளி, உள்ளே நிற்பவருக்குக் காட்சி மறைவதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் சாவுகள் 95 வீதம் அளவில் குறைந்தன. வில்லார்டின் பேரேட்டுக்கு இனி அந்தச் சுவரடியிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது.