மொரீசியஸ்: தையில் கோடை, ஆடியில் குளிர்

மொரீசியஸ் தீவில் ஆண்டுக்கு இரண்டே பருவங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் கலந்த கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த, இதமான குளிர்காலம். மே மாதமும் அக்டோபரும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. கோடையின் சராசரி வெப்பநிலை சுமார் 24.7 டிகிரி செல்சியஸ், குளிர்காலத்தில் சுமார் 20.4 டிகிரி. இரண்டுக்கும் வேறுபாடு நான்கு டிகிரிக்குச் சற்று மேல்தான். ஆண்டு முழுவதும் விடுமுறைக்கு ஏற்ற தீவு என்று அது பெயர் பெற்றதற்கு இந்த நான்கு டிகிரியே காரணம். ஆனால் அத்தீவின் வரலாற்றை வெப்பம் தீர்மானிக்கவில்லை. துறைமுகம் எங்கே அமைய வேண்டும், எந்தப் பயிர் நிலைக்க வேண்டும், ஊர்கள் எங்கே பெருக வேண்டும், வீட்டை எதனால் கட்ட வேண்டும் என்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது காற்று.

தீவு மடகாஸ்கருக்குக் கிழக்கே, தென் அட்சம் 20 டிகிரியை ஒட்டி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தமிழ்நாட்டுக்கு நேர்மாறாக வருகின்றன. தமிழ்நாட்டில் பனி பெய்யும் தை மாதம் அங்கே உச்சக் கோடை. அங்குள்ள தமிழர்கள் தைப்பூசக் காவடியை எடுப்பது கொதிக்கும் தார்ச்சாலையிலும் திடீர் மழையிலும்தான். சில ஆண்டுகளில் புயல் எச்சரிக்கையும் கூடவே வரும். காவடித் திருநாள் அந்நாட்டில் அரசு விடுமுறை நாள். முன்னோர் கொண்டுவந்த பஞ்சாங்கம் மாறவில்லை, அதன் மேல் இருக்கும் வானம் மட்டும் மாறிவிட்டது. ஆடி அங்கே குளிர்காலம். ஆனாலும் ஆடிக்காற்று அங்கேயும் வீசுகிறது.

அந்தக் காற்றுதான் தென்கிழக்கு வியாபாரக் காற்று. தீவுக்குத் தெற்கே, திறந்த கடலின் மேல் மஸ்கரீன் உயரழுத்தம் என்ற பெரிய காற்றழுத்த மண்டலம் உண்டு. அதிலிருந்து புறப்படும் காற்று ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசும்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வலுத்து வீசும். இதே காற்றோட்டம் வடக்கே சென்று, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நிலநடுக்கோட்டைக் கடந்து, திசை திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. குற்றாலத்தில் சாரல் விழுவதும் அதே நாள்களில் மொரீசியசின் கிழக்குக் கரையில் தென்னைகள் ஒரே பக்கம் சாய்ந்து ஆடுவதும் ஒரே பெருங்காற்றின் இரு முனைகள்.

தீவின் நடுவே மேட்டுநிலம், அதைச் சுற்றி எரிமலைப் பாறை மலைகள். மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர்தான். ஆனாலும் கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்றைத் தடுத்து மேலேற்ற அது போதும். மேலேறும் காற்று குளிர்ந்து மேட்டுநிலத்தில் மழையாகிறது. மறுபக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. அதனால் மேட்டுநிலத்தில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டர் வரை எட்டும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையின் மழை மறைவுப் பகுதியில் அது 900 மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரு மணி நேரப் பயணத்தில் குடையிலிருந்து கள்ளிச்செடிக்குப் போய்விடலாம். தீவுக்கு ஒரே தட்பவெப்பம் என்று பேசுவது இதனாலேயே சரியாகாது.

இந்தக் காற்றையும் கோடையில் வரும் புயல்களின் கடுமையையும் முதலில் அறிந்தவர்கள் கடலோடிகள். 1598இல் டச்சுக் கப்பல்கள் தென்கிழக்கு விரிகுடாவில் நங்கூரமிட்டு, தங்கள் நாட்டு இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்கு இட்டன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் தலைமை ஆளுநராக இருந்த பீட்டர் போத், பதவி முடிந்து தாயகம் திரும்பும் வழியில் 1615இல் தீவின் மேற்குக் கரையருகே புயலில் கப்பலோடு மூழ்கி இறந்தார். உச்சியில் தலைபோல் ஒரு பாறையைத் தாங்கி நிற்கும் மலைக்கு இன்றும் அவர் பெயர். 1638இல் குடியேறிய டச்சுக்காரர் ஒருமுறை விட்டுப்போய், மீண்டும் வந்து, 1710இல் ஒரேயடியாக வெளியேறினர். எலிகள், வறட்சி, ஆள் பற்றாக்குறை ஆகியவற்றோடு புயல்களும் அதற்குக் காரணம். ஜாவாவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த கரும்பு மட்டும் மண்ணில் தங்கிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் 1715இல் தீவுக்கு உரிமை கொண்டாடி, 1720களின் தொடக்கத்தில் குடியேறினர். அவர்கள் முன் இரண்டு துறைமுகங்கள் இருந்தன. தென்கிழக்கு விரிகுடாவில் காற்று முதுகில் தள்ள, கப்பல் எளிதாக நுழையும். அதே காற்றை எதிர்த்து வெளியேறுவது பெரும்பாடு. வடமேற்கில் இருந்தது மலைகளின் மறைவில் அமைந்த மற்றொன்று. தென்கிழக்குத் துறை, வடமேற்குத் துறை என்றே அவற்றைச் சொல்லிவந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே வடமேற்கையே தேர்ந்தெடுத்து வளர்த்தார். அதுவே இன்றைய தலைநகர் போர்ட் லூயிஸ். அந்த நகரை எழுப்பிய வேலையில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பங்குண்டு. பாய்மரத்தின் வசதிக்காக ஓர் ஆளுநர் எடுத்த முடிவுதான் இன்றுவரை தீவின் மக்கள்தொகைப் படத்தை வரைந்துகொண்டிருக்கிறது.

அந்த நூற்றாண்டின் மற்றொரு முடிவு இன்னும் வியப்பானது. 1767 முதல் 1772 வரை நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ர், காடு அழிந்தால் மழையும் போய்விடும் என்று உறுதியாக நம்பியவர். 1769இல் வந்த விதிமுறையின்படி, நிலம் பெற்ற ஒவ்வொருவரும் அதில் கால்பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும். தட்பவெப்பத்தைக் காப்பதற்காகக் காட்டைக் காக்கும் சட்டம் உலகில் முளைத்த தொடக்க இடங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் இத்தீவைக் காட்டுகிறார். சட்டம் இருந்தும் காடு நிற்கவில்லை. தரமான இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தை எடுத்துக்கொண்டது கரும்பு.

கரும்பு வென்றதற்கும் காற்றே காரணம். காப்பி, கிராம்பு, பருத்தி, அவுரி என்று பிரெஞ்சுக்காரர்கள் பலவற்றையும் முயன்றார்கள். ஒரு புயல் வந்தால் மரப்பயிர்கள் வேரோடு போகும். மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள். கரும்போ வளைந்து கொடுக்கும். ஒடிந்தாலும் மறுதாம்பு விடும். அதன் வாழ்வு தீவின் இரு பருவங்களோடும் அச்சுப்போல் பொருந்தியது. கோடையின் வெப்பத்திலும் மழையிலும் கரும்பு நெடுநெடுவென்று வளரும். குளிர்ந்து வறண்ட மாதங்களில் வளர்ச்சி நின்று, தண்டில் சர்க்கரை சேரும். ஜூன் தொடங்கி ஆண்டின் கடைசி மாதங்கள் வரை வெட்டு. வெட்டு முடியும் வேளையில் புயல் மாதங்கள் தொடங்கும்.

1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1825இல் மொரீசியஸ் சர்க்கரைக்கு மேற்கிந்தியத் தீவுகளுக்கு இணையான சுங்க வரியை அனுமதித்ததும் தோட்டங்கள் பெருகின. அடிமை முறை முடிவுக்கு வந்தபோது, 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். அடுத்த எண்பது ஆண்டுகளில் வந்திறங்கியவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்களும் அதில் ஏராளம். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கரும்பைத் தேர்ந்தது புயல் என்றால், இந்த மனிதர்களின் இடப்பெயர்ச்சியிலும் புயலுக்குப் பங்குண்டு.

காடு அழிந்து நீர் தேங்கிய தாழ்நிலங்களில், 1860களின் நடுவில் மலேரியாக் கொசு குடியேறியது. 1867இல் மட்டும் சுமார் 40,000 பேர் இறந்தனர். வெப்பமான கடற்கரையே நோயின் ஊற்று என்று அஞ்சியவர்களில் வசதி படைத்தவர்கள், அப்போது புதிதாகப் போடப்பட்டிருந்த ரயில் பாதை வழியே மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். குளிரும் தூறலும் ஓயாத கியூர்பிப் அப்படித்தான் நகரமாயிற்று. பணமில்லாதவர்கள் தாழ்நிலத்திலேயே இருந்து காய்ச்சலில் மடிந்தார்கள். 1940களின் இறுதியில் தொடங்கிய டி.டி.டி. பூச்சிக்கொல்லித் தெளிப்பு நோயை ஒடுக்கிய பிறகுதான் அந்தக் கரை அச்சமின்றி வாழக்கூடிய இடமானது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 1973இல் அறிவித்தது. இன்று விடுதிகள் வரிசையாக நிற்கும் மணற்பரப்பின் முன்கதை இது. அதைச் சொல்லாமல் அந்தக் கரையின் அழகை மட்டும் பேசுவது நியாயமாகாது.

புயலை அறிவியலாகப் படித்த தொடக்க இடங்களில் மொரீசியசும் ஒன்று. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் கப்பல்கள் போர்ட் லூயிஸில் நிற்கும். ஒவ்வொன்றிலும் நாள்தோறும் காற்று, அழுத்தம், கடல் நிலை குறித்த பதிவேடு இருக்கும். 1848இல் ஆசிரியராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெல்ட்ரம், 1851இல் வானிலைச் சங்கம் உருவாகத் துணைநின்று, அந்தப் பதிவேடுகளைத் திரட்டத் தொடங்கினார். ஒரே நாளில் பல கப்பல்கள் குறித்த காற்றின் திசைகளை ஒரு வரைபடத்தில் வைத்தால் புயலின் உருவம் தெரியும். அது மையத்தைச் சுற்றிச் சரியான வட்டமாகச் சுழலவில்லை, உள்நோக்கி வளைந்து பாய்கிறது என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. வட்டம் என்று நம்பி மையத்தின் திசையைக் கணித்த மாலுமிகள் தவறான பக்கம் கப்பலைத் திருப்பிவிடுவார்கள்; ஆகவே இது உயிர் காக்கும் திருத்தம். பாம்ப்ளமூஸில் ராயல் ஆல்ஃபிரட் வானாய்வகத்துக்கு 1870இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மெல்ட்ரம் அதை 1890கள் வரை நடத்தினார்.

அவர் பொறுப்பில் இருந்தபோதே, 1892 ஏப்ரல் 29 அன்று, பெரும்புயல் தீவைத் தாக்கியது. புயல் காலம் முடிந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். காலை முழுதும் அடித்த காற்று பிற்பகலில் சட்டென்று நின்றது; புயலின் கண் கடந்துகொண்டிருந்தது. ஓய்ந்துவிட்டதென்று மக்கள் வெளியே வந்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் கடுமையாகக் காற்று பாய்ந்தது. போர்ட் லூயிஸில் ஏராளமான கட்டடங்கள் இடிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

1960 ஜனவரியில் இந்தக் கடற்பகுதிப் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் தொடங்கியது. முதலில் பெயர் பெற்ற ஆலிக்ஸ் அதே மாதம் தீவை உலுக்கியது. அடுத்து, பிப்ரவரி 28 அன்று, கரோல் வந்தது. அதன் வீச்சு மணிக்கு 256 கிலோமீட்டர். கண் எவ்வளவு பெரிதென்றால் தீவு முழுவதும் அதற்குள் அடங்கிப்போனது. 42 பேர் இறந்தனர். வைக்கோல் கூரையும் மரச்சுவரும் கொண்ட பல்லாயிரம் வீடுகள் தரைமட்டமாயின. அந்த ஆண்டின் சர்க்கரை உற்பத்தி, முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. அதன்பின் அரசு கட்டிய புயல் தாங்கும் குடியிருப்புகளும் மக்கள் தாமே எழுப்பிய கான்கிரீட் வீடுகளும்தான் இன்றைய மொரீசியஸ் ஊர்களின் தோற்றம். வெளியூரார் கண்ணுக்கு அழகற்றதாகப் படும் அந்தத் தட்டைக் கூரைகள், கரோலின் இரவைக் கண்ட தலைமுறையின் உறுதிமொழி. 1975இல் ஜெர்வேஸ் புயல் மணிக்கு 280 கிலோமீட்டர் வீச்சோடு வந்தபோது அந்த உறுதி சோதிக்கப்பட்டது.

எச்சரிக்கை முறையும் இந்த அனுபவங்களில் விளைந்ததே. நான்கு வகுப்புகள் உண்டு. மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சு வரக்கூடும் என்றால், 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன் முதல் வகுப்பு. அந்த வீச்சு வருமுன் இயன்றவரை 12 மணி பகல் வெளிச்சம் கிடைக்குமாறு இரண்டாம் வகுப்பு, 6 மணி பகல் கிடைக்குமாறு மூன்றாம் வகுப்பு. வீச்சு பதிவானதும் நான்காவது. வெறும் மணிக்கணக்காக வைக்காமல் பகல் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்ததில்தான் இதன் நுட்பம் இருக்கிறது: கூரையைக் கட்டவும், தண்ணீர் பிடித்து வைக்கவும், படகைக் கரையேற்றவும் மனிதருக்குக் கண் தெரிய வேண்டும்.

1968இல் நாடு விடுதலை பெற்றபோது சுற்றுலா சிறு தொழில். 2018இல் வந்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். விடுதிகளின் இடத்தையும் காற்றே பிரித்துக் கொடுத்தது. மழை மறைவில் அமைந்த வடக்கிலும் மேற்கிலும் கிராண்ட் பே, ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற கரைகள் குளிர்காலத்தில் அமைதியாகவும் கதகதப்பாகவும் இருக்கும். கிழக்கின் பெல் மார் கரை கோடையில் காற்றோட்டமாக இருக்கும், ஜூலையில் காது மடலைக் குளிர வைக்கும். பவளத்திட்டுகளுக்கு உட்புறமுள்ள கடல் நீரின் வெப்பம் குளிர்காலத்தில் சுமார் 22 டிகிரி, கோடையில் 27. மிக வறண்ட மாதம் அக்டோபர். ஐரோப்பியர் தங்கள் பனியிலிருந்து தப்பி டிசம்பரில் வந்து குவியும்போதோ தீவில் வெக்கையும் மழையும் ஏறிக்கொண்டிருக்கும்.

அண்மைக் காலத்தில் அத்தீவைத் துயரத்தில் ஆழ்த்தியது காற்றைவிட நீர். எச்சரிக்கை வகுப்புகள் காற்றின் வேகத்தை வைத்தே அமைந்தவை; 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் மழை என்ற தனி அளவுகோல் கனமழைக்கு உண்டு. 2013 மார்ச் 30 அன்று புயல் எதுவும் இல்லாமலே போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க நடைபாதையிலும் வாகன நிறுத்தத்திலும் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தனர். 2024 ஜனவரியில் பெலால் புயல் ஒதுங்கிச் சென்றபோதும் அதே நகரின் தெருக்களில் கார்கள் மிதந்தன. காற்றுக்கு மறைவாக மலைகளின் மடியில் தேர்ந்தெடுத்த அந்த இடத்தில், மலைகளில் விழும் மழையெல்லாம் சில நிமிடங்களில் நகருக்குள் இறங்கிவிடுகிறது.