கண் சிவந்தும் வலிக்கலையா? உஷார்! மரத்துப்போன கருவிழிக்கு உணர்ச்சி தரும் ஆபரேஷன்

கண்ணுல தூசி விழுந்தா உறுத்தும், தண்ணி கொட்டும். அந்த உறுத்தல்தான் கருவிழிக்குக் காவல். மூளைக்கட்டி ஆபரேஷன், அக்கி, விபத்து போன்றவற்றால் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு கெட்டுவிட்டால் கருவிழி மரத்துப்போகும். புண் வந்தாலும் வலி தெரியாது. பார்வையே பறிபோகலாம். இமையை மூடவைக்கும் நரம்பும் சேர்ந்து கெட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

இதற்காக, நெற்றியின் நல்ல பக்கத்து நரம்பை மரத்த கண்ணுக்குத் திருப்பிவிடும் ஆபரேஷனை அமெரிக்காவில் டாக்டர் ஜூலியா டெர்சிஸ் குழுவினர் 2009-ல் வெளியிட்டனர். கெண்டைக்காலில் எடுத்த நரம்பை நடுவில் ஒட்டுப்போட்டு இணைக்கும் முறையை டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 2014-ல் வெளியிட்டனர்.

நரம்பு மெதுவாகத்தான் வளரும். உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகும். அதுவரை சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. கண் சிவந்தும் வலி இல்லைன்னா, உடனே கண் டாக்டரைப் பாருங்க.