புழுங்கலரிசியும் வீங்கிய இதயமும்

காலில் வீக்கம், நடந்தால் மூச்சிரைப்பு, நெஞ்சில் படபடப்பு. இம்மூன்றோடு ஒருவர் வந்தால் இதயம் தளர்ந்ததென்று சொல்லிவிடலாம். ஏன் தளர்ந்தது என்பதுதான் கேள்வி. வால்வு பழுதானாலும் இப்படியே. கொக்கிப்புழுவால் இரத்தம் குன்றினாலும் இப்படியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிராங்கூன் சாலையின் வடபால் இருந்த டான் டோக் செங் மருத்துவமனைக்கு இக்குறிகளுடன் சீன ஏழைத் தொழிலாளர் பலர் வந்தனர். அவர்களைப் பற்றியிருந்தது பெரிபெரி. மருத்துவர்கள் அதை அடையாளங் கண்டது நெஞ்சில் மட்டுமன்று, காலிலும். கெண்டைக்காலை அழுத்தினால் நோயாளி துடிப்பார், பாதம் மரத்திருக்கும், குந்தியவரால் கையூன்றாமல் எழ இயலாது. இதயமும் நரம்பும் சேர்ந்து கெடுவதே அதன் முத்திரை.

மலாயாத் தமிழரிடையே இந்நோய் அரிதாயிருந்தது. இதனைக் கூர்ந்து நோக்கியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன். தமிழர் உண்பது புழுங்கலரிசி, சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி என்று 1907-ஆம் ஆண்டில் நூலெழுதிக் காட்டினார். பச்சரிசியில் நஞ்சு ஊறுகிறது என்று அவர் கருதியது பிழை. கண்டது மட்டும் மெய். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் 1905-இன் இறுதியில் தொடங்கிய சோதனையில், பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. சிங்கப்பூர் மனநோய் விடுதியின் டாக்டர் எல்லிஸும் 1909-இல் பச்சரிசியையே குற்றஞ்சாட்டினார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார் நெல் அவித்தது வைட்டமினை எண்ணியன்று. ஆயினும் கடல் கடந்து வந்த பேரப்பிள்ளைகளை அது காத்தது. அச்சத்து தயமின் என்பதும், 1926-இல் ஜாவாவில் அது பிரித்தெடுக்கப்பட்டதும் பின்வந்த செய்திகள்.

பெரிபெரி இதயத்தின் இயல்பை 1937-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வைஸும் வில்கின்ஸும் தெளிவாக்கினர். இதயம் தளர்ந்தால் பெரும்பாலும் இரத்தவோட்டம் மந்தமாகும், கைகால் சில்லிடும். பெரிபெரியிலோ இரத்தம் விரைந்தோடும், கை வெதுவெதுப்பாயிருக்கும். தயமின் செலுத்தினால் சில நாட்களிலேயே வீக்கம் வடியும், மருந்தே சோதனையுமாயிற்று.

இதயத்தையும் நரம்பையும் சேர்த்துத் தாக்கும் நோய் இன்றும் உண்டு. அமைலாய்டோசிஸில் திரிந்த புரதம் படிந்து இதயச் சுவர் தடித்து விறைக்கும். எக்கோ படத்தில் சுவர் தடித்திருக்க, ஈ.சி.ஜி.யில் அலைகள் பல வேளை சிறுத்தே காணும். இரத்தக் கொதிப்பால் தடித்த இதயத்தில் இம்முரண் இராது. தயமினுக்கு இந்நோய் இணங்காது. திசுத்துண்டில் காங்கோ சிவப்புச் சாயமேற்றி முனைவாக்கிய ஒளியில் நோக்கினால், படிந்த புரதம் பச்சையாய் ஒளிரும்.