நாளை என்னும் ஐயம்

காதலில் உறுதிமொழி கூறும் பாடல்கள் எந்நாட்டிலும் மலிந்துள்ளன. அவ்வுறுதியைக் கேட்டவள் அதனை நம்பலாமா எனத் தயங்கி நிற்கும் பாடல் அத்துணை எளிதிற் கிடைப்பதன்று. 1960ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த 'வில் யூ லவ் மீ டுமாரோ' அவ்வகையினது. 'நாளையும் என்னை நேசிப்பாயா' என்பது தலைப்பின் பொருள். முதலில் வந்த இசைத்தட்டுகளில் 'டுமாரோ', அதாவது 'நாளை', என்னும் ஒரு சொல்லே தலைப்பாக இருந்தது. அந்த ஒரு சொல்லே போதும் என்றுதான் தோன்றுகிறது.

நியூயார்க் நகரின் பிராட்வே சாலையில் இயங்கிய ஆல்டன் என்னும் இசைப் பதிப்பகம், இளம் பாடலாசிரியர்களை அமர்த்திப் பாடல்களை எழுதச் செய்து வந்தது. அவர்களுள் கேரல் கிங்கும் ஜெர்ரி கோபினும் 1959இல் மணம் புரிந்துகொண்டவர்கள். பாடல் பிறந்தபோது கேரலுக்கு வயது 18, கையில் குழந்தை. கோபின் பகற்பொழுதில் வேதியியல் கூடமொன்றில் வேலை பார்த்துவந்தார். மெட்டு கேரலுடையது, சொற்கள் கோபினுடையவை. பெண்ணின் அச்சத்தைப் பெண்ணின் கூற்றாகவே வைத்து எழுதியவர் ஓர் ஆடவர் என்பது எண்ணத்தக்கது.

பாடலின் தலைவி காதலனைப் பழிக்கவில்லை. அவன் அன்பு இன்றிரவு மெய்யெனவே அவளுக்குப் படுகிறது. அவள் அஞ்சுவது இரவையன்று, விடியலை. அவள் வேண்டுவது ஒரே ஒரு விடை. பாடல் முடியும் வரையில் அது வரவில்லை. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு 1960 மே மாதத்தில்தான் ஒப்புதல் அளித்திருந்தது. மணமாகாத பெண்ணொருத்தி தாயாக நேர்ந்தால் பழியும் சுமையும் அவள் தலையிலேயே விழுந்த காலம் அது. ஆதலின் அவ்வினா வெறும் ஊடற்பேச்சு அன்று. அவளது வாழ்க்கையே அதன் விடையில் தங்கியிருந்தது. அதில் சொல்லாமற் சொன்ன பொருளைக் கண்டு சில வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்ப மறுத்தன.

பாடியவர்கள் 'தி ஷிரெல்ஸ்' என்னும் குழுவினர். நியூ ஜெர்சி மாநிலத்துப் பசேயிக் நகரில் ஒன்றாகப் படித்த கறுப்பினத் தோழியர் நால்வர். முதன்மைப் பாடகி ஷெர்லி ஓவன்ஸ், தங்கள் குழுவுக்கு இது ஒவ்வாத நாட்டுப்புறப் பாட்டு எனத் தொடக்கத்தில் தயங்கினார். கேரல் வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகளைச் சேர்த்து அமைத்த பின்னரே பாடல் உருப்பெற்றது. 1961 சனவரியில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை.

கேரலும் கோபினும் 1968இல் மணவிலக்குப் பெற்றனர். 1971இல் 'டாபெஸ்ட்ரி' என்னும் இசைத்தொகுப்பில் கேரல் தாமே பியானோ வாசித்து அப்பாடலைப் பாடினார். ஆடுதற்குரிய பழைய விரைவு போய், ஒவ்வொரு சொல்லும் நின்று வந்தது. சொற்கள் பழையனவே; ஆயினும் விடையறியாப் பெண் அன்று கேட்ட வினா, விடையை அறிந்துகொண்டவளின் குரலில் இப்போது ஒலித்தது. அத்தொகுப்பு 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அப்பாடலை இயற்றியோர் வரிசையில், கேரலின் பெயரோடு கோபினின் பெயரும் அச்சாகியிருந்தது.