எடைக் குறைப்பு ஊசி: தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் கொங்கு வீடுகளில் இன்றும் அடுப்பேறுகின்றன. ஆனால், எடை குறைப்பது பற்றிய பேச்சு அடுப்படியிலிருந்து மருந்துக்கடைக்கு இடம் மாறிவிட்டது. சூலூரில் காலை நடைப்பயிற்சியின்போதும் திருமண மண்டபப் பந்தியிலும், 'வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் அந்த ஊசி எப்படி?' என்ற கேள்வி காதில் விழாத நாள் குறைவு.

கேட்டவர்களில் நானும் ஒருவன். வயது அறுபத்தாறு, பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 170 செ.மீ. உயரத்துக்கு 96 கிலோ எடை. படியேறினால் முழங்காலில் வலி. கோவையில் ஒரு மருத்துவரைச் சந்தித்து இதுபற்றிக் கேட்க முடிவு செய்தேன். நான் தயாரித்து வைத்திருந்த கேள்வி ஒன்றுதான்: 'எத்தனை கிலோ குறையும்?' அது தவறான கேள்வி அல்ல; ஆனால், முதல் கேள்வி அது அல்ல என்பதை அந்த அரை மணி நேரம் எனக்கு உணர்த்தியது.

முதலில் மருந்தைப் பற்றி. உணவு உண்டதும் நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படுபவை இந்த ஊசிகள். இவை இன்சுலின் சுரக்கக் கணையத்தைத் தூண்டுகின்றன; இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன; 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. இவ்வகையின் முதல் மருந்தான எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்காக ஒப்புதல் பெற்றது. பின்னர் வந்த செமாகுளூட்டைடு, ஓசெம்பிக் என்ற பெயரில் 2017-இல் சர்க்கரை நோய்க்கும், வீகோவி என்ற பெயரில் 2021-இல் உடல் பருமனுக்கும் அங்கு ஒப்புதல் பெற்றது. மௌஞ்சாரோ என்ற பெயரில் விற்கப்படும் டிர்செபடைடு, ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்தியச் சந்தைக்கு மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் வந்தன.

இவற்றின் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1,961 பேரிடம் 68 வாரங்கள் நடந்த ஆய்வில், செமாகுளூட்டைடு எடுத்துக்கொண்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது; மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதம்தான். டிர்செபடைடின் உயர்ந்த அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைந்தது. இதய நோயும் கூடுதல் எடையும் கொண்ட, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றின் கூட்டு ஆபத்து செமாகுளூட்டைடால் 20 சதவீதம் குறைந்தது. 'உடல் பருமன் சோம்பலின் விளைவு. வாயைக் கட்டினால் போதும்' என்ற பழைய தீர்ப்பை இந்த முடிவுகள் கேள்விக்குள்ளாக்கியிருக்கின்றன.

ஆனால், அதே ஆய்வுத் தொடரில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு முடிவும் உண்டு. முதலில் சொன்ன ஆய்வில் பங்கேற்ற ஒரு பிரிவினரை, ஊசியை நிறுத்திய பின் ஓராண்டு கண்காணித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதே இதுவும். மருந்து தோற்றது என்று இதற்குப் பொருள் அல்ல. இது குறுகிய காலச் சிகிச்சை அல்ல என்றே பொருள்.

என் மருத்துவர் அதைத் தம் மொழியில் சொன்னார்: "எப்ப ஆரம்பிக்கலாம்னு எல்லாருமே கேக்கறாங்க சார். எத்தனை வருசம் போடணும், நிறுத்துனா என்ன ஆகும்னு யாரும் கேக்கறதில்லீங்க." நான் வாயடைத்துப் போனேன்.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல. வாங்குபவருக்குத் தாம் வாங்குவது என்னவென்று முழுமையாகத் தெரியாது. விற்பவர் அறிந்ததற்கும் வாங்குபவர் அறிந்ததற்கும் உள்ள இடைவெளியை நம்பிக்கைதான் நிரப்புகிறது என்பது அதன் சாரம். அதைக் கற்பித்த நானே, மருத்துவரின் மேசைக்கு எதிரே அமர்ந்ததும், விலைப்பட்டியலைப் பார்க்கும் வாடிக்கையாளராகிவிட்டேன். நம்பிக்கை என்பது கேள்வி கேட்காமல் இருப்பது அல்ல. சரியான கேள்விகளே அந்த இடைவெளியைக் குறைக்கும்.

அப்படிக் கேட்க வேண்டியவற்றில் முதலாவது: 'இந்த மருந்து எனக்குத் தேவையா?' உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவை ஒன்றாவது உள்ளவர்களுக்கும் என்றே இந்த மருந்துகளின் பயன்பாடு வரையறுக்கப்பட்டுள்ளது. என் பிஎம்ஐ 33. ஆனால், இந்திய உடலுக்கு எண் மட்டும் போதாது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3, ஆனால், உடற்கொழுப்பு இந்தியருக்கு 21.2 சதவீதம், ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம். ஒல்லியாகத் தோன்றுபவருக்கும் நம் நாட்டில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. ஆகவேதான் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற இடுப்புச் சுற்றளவையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இடுப்பை அளக்காமல், இரத்தப் பரிசோதனை கேட்காமல் ஒருவர் ஊசி எழுதித் தந்தால், அங்கேயே ஐயம் எழ வேண்டும்.

இரண்டாவது, நாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. கணைய அழற்சி, பித்தப்பைக் கல் வந்ததுண்டா; குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்பவை முக்கியம். மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய்ப் பின்னணி உள்ளவர்களுக்கு இந்த ஊசிகள் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்; எனவே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து ஆகாது. கருவுறத் திட்டமிடுவோர் செமாகுளூட்டைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். இரைப்பை காலியாவது தாமதமாவதால், அறுவை சிகிச்சை ஏதேனும் இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் இந்த ஊசியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 'என்னென்ன தொல்லைகள் வரும்?' குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பரவலானவை. அளவைக் கூட்டும்போது அதிகம் தெரிபவை. இதனால்தான் சிறிய அளவில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாக உயர்த்துகிறார்கள். அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதால் பயனில்லை. விடாத கடும் வயிற்றுவலி வந்தால் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இன்னொன்றையும் முதியோர் மறக்கக் கூடாது: குறையும் எடையில் ஒரு பகுதி தசை. அறுபதைக் கடந்தவருக்குத் தசை கரைந்தால் கீழே விழும் ஆபத்து கூடும். பசி குறைந்துவிட்டதே என்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளாமல், பருப்பு, பயறு, முட்டை, தயிர் என்று புரதத்தைக் கூட்டித் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் செய்தாக வேண்டும். கொள்ளு இங்கே மீண்டும் உள்ளே வருகிறது.

நான்காவது, நான் ஓரளவு அதிகாரத்துடன் பேசக்கூடிய செய்தி: செலவு. மௌஞ்சாரோ அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ரூ.3,500, 5 மி.கி. குப்பி ரூ.4,375. வாரத்துக்கு ஒன்று என்றால் மாதம் ரூ.14,000 முதல் ரூ.17,500 வரை. வீகோவியின் தொடக்க அளவு மாதம் ரூ.17,345-இல் தொடங்கி, 2025 நவம்பரில் ரூ.10,850 ஆகக் குறைக்கப்பட்டது. இது தொடக்க அளவுக்கு அப்போதிருந்த விலை. அளவு உயர உயரச் செலவும் உயரும். 2025 நவம்பரின் அந்த விலையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு ரூ.1.3 லட்சம், ஐந்தாண்டுகளுக்கு ரூ.6.5 லட்சம். ஓய்வூதியக்காரர் ஒருவர் முதல் மாத விலையைப் பார்த்து முடிவெடுப்பது, மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவதைப் போன்றது.

காப்பீடு கைகொடுக்குமா? பெரும்பாலும் இல்லை. இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் எடைக் குறைப்புச் சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்ட ஒன்று. பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், அல்லது கடும் இணை நோய்களுடன் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எனவே ஊசியின் செலவு ஏறத்தாழ முழுவதும் நம் சட்டைப்பையிலிருந்தே போகிறது.

என் உறவினர் ஒருவர், மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கி நான்கு மாதம் போட்டுக்கொண்டார். ஒன்பது கிலோ குறைந்தது. பிறகு மகளின் திருமணச் செலவு வந்தது, ஊசி நின்றது. அடுத்த ஆண்டுக்குள் எடை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பணம் போனதைவிட, 'என் உடம்பே இப்படித்தான்' என்று அவர் மனம் உடைந்துபோனதுதான் பெரிய இழப்பு. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தொடங்கும்போதே ஒருவர் சொல்லியிருந்தால், அவர் தன்னை நொந்துகொண்டிருக்க மாட்டார்.

இனி இந்த எச்சரிக்கை இன்னும் தேவைப்படும். செமாகுளூட்டைடுக்கு இந்தியாவில் இருந்த காப்புரிமை 2026 மார்ச்சுடன் முடிந்ததால், உள்நாட்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. போட்டி வந்தால் விலை இறங்கும். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், இதுவரை உயர்ந்த விலையே ஒரு காவலாளியாக நின்று, தேவையில்லாதவர்களையும் தேவையுள்ள ஏழைகளையும் ஒருசேரத் தடுத்து வந்தது. அந்தக் காவலாளி விலகும்போது, அந்த இடத்தில் மருத்துவரின் ஆலோசனை நிற்க வேண்டும். உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. மருந்துச்சீட்டு இல்லாமல் இதை விற்பதைத் தடுப்பதும் அரசின் கடமை.

மறுபுறம், வசதியுள்ளவர்களின் சிக்கலாக மட்டும் இதைப் பார்ப்பதும் பிழை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இவர்களில் எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. ஆனால், விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும், சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்த ஒருவருக்கு, என்னைவிட அது அதிகம் தேவைப்படலாம். மொத்தக் கொள்முதலால் மருந்து விலையைக் குறைக்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அமைப்பை 1994-இலேயே உருவாக்கிய மாநிலம் இது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை தருகிறோம். உலக சுகாதார நிறுவனமும் 2025 டிசம்பரில், உணவு, உடற்பயிற்சி வழிகாட்டலுடன் சேர்த்து இம்மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையுடன் பரிந்துரைத்திருக்கிறது. விலை இறங்கும்போது, ஆபத்து மிகுந்த நோயாளிகளிலிருந்து தொடங்கி அரசு மருத்துவமனைகளில் இதை வழங்குவது பற்றி அரசு யோசிக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் மருத்துவர் எனக்கு ஊசி எழுதவில்லை. இரத்தப் பரிசோதனைகள், கண் பரிசோதனை, ஒரு வார உணவுக் குறிப்பு ஆகியவற்றோடு மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். மூன்று வாரம் கழித்துச் சென்றபோது நாங்கள் மூவரும் அமர்ந்து பேசினோம். குறைந்தது மூன்றாண்டுகளுக்கான செலவை ஓய்வூதியத்தில் ஒதுக்க முடியுமா, ஆறு மாதத்தில் போதிய பலன் இல்லையென்றால் என்ன செய்வது, நிறுத்த நேர்ந்தால் எப்படிக் கண்காணிப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கிவிட்டு, மிகச் சிறிய அளவில் ஊசியைத் தொடங்கினார். முதலிரண்டு வாரம் குமட்டல் இருந்தது, பிறகு தணிந்தது. இப்போது நான்காவது மாதம். ஆறு கிலோ குறைந்திருக்கிறது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தவர் வள்ளுவர். அந்த நான்கில் பணம் கொடுத்து உடனே வாங்கக்கூடியது மருந்து ஒன்றுதான். மற்ற மூன்றும் பேசித்தான் அமைய வேண்டும். ஊசியைத் தொடங்க நினைப்பவர்கள் மருத்துவரிடம் செல்லும்போது, 'எத்தனை கிலோ?' என்பதற்கு முன் 'எத்தனை காலம்?' என்று கேளுங்கள்.