தோல் மண்டியும் கல்விச்சாலையும்

திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பட்டதாரி ஒருவரிடம் எங்கே பயின்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஜமாலில் படித்தேன்" என்பார். கல்லூரி என்ற சொல்லைக்கூடச் சேர்க்கமாட்டார். அந்த ஜமால் யார் என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தால் சற்றே தயங்குவார். யாரோ ஒரு செல்வந்தர், கொடையாளி என்ற அளவில் விடை நின்றுவிடும். பெயர் நாவில் வழங்குகிறது. பெயருக்கு உரியவர் நினைவினின்றும் நழுவிவிட்டார்.

பெருவணிகரைப் போற்றுவதில் நம்மவர் கைக்கொண்டுள்ள முறையின் விளைவு இது. வாழுங்காலத்தில் மாலையும் பொன்னாடையும். மறைந்த பின் ஒரு படமும் ஒரு கல்வெட்டும். ஆண்டு விழா மலரில் அரைப்பக்க வாழ்த்துரை. அவர் என்ன வணிகம் செய்தார், அச்செல்வம் எவ்வாறு திரண்டது, எதன் பொருட்டு ஈந்தார் என்பனவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியை மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் தமிழுலகம் அறிந்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அவருடைய மிளகு வணிகமன்று. உமறுப் புலவரைப் போன்றோர் அவரைச் சூழ்ந்திருந்ததே காரணம். சென்ற நூற்றாண்டின் தோல் வணிகருக்கு அத்தகைய புலவர் வாய்க்கவில்லை. தோலைப் பாட எந்தப் புலவர்தாம் முன்வருவார்?

ஆயினும் தமிழக முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் தோலைத் தொடாமல் எழுத முடியாது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம் முதலிய வட ஆர்க்காட்டு ஊர்களின் தோல் ஷாப்புகளிலும், தெற்கே திண்டுக்கல்லிலும் திரண்ட பணமே பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் அரபி மதரஸாக்களாகவும் உருவெடுத்தது. மாட்டுத் தோலைக் கையால் தீண்டுவது இழிவென்று பிற முதலாளிகள் ஒதுங்கி நின்ற காலத்தில், அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் லெப்பைமாரும் இராவுத்தர்மாரும் ஆவர். மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்ற தெருவில் இவர்கள் கடை விரித்தனர்.

அத்தொழிலின் முறையையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறப்போடுவர். பின்னர்க் கடுக்காய்ச் சாறு. அதன்பின் எண்ணெய்ப் பூச்சு. இவ்வாறு பாதி பதனான தோல் கப்பலேறி இலண்டன் ஏலச் சந்தைக்குச் சென்று, அங்கே மெருகேறிக் காலணியாகும். தமிழ்நாட்டு மேட்டு நிலங்களில் தானே முளைக்கும் ஆவாரஞ்செடிதான் இவ்வணிகத்தின் மூலதனம் என்று சொன்னால் மிகையாகாது. முதல் உலகப் போரின்போது படைவீரரின் காலணிகளுக்கு இத்தோல் இன்றியமையாததாகி, அரசே கொள்முதல் செய்யும் நிலை ஏற்பட்டது. பெரியமேட்டின் செல்வாக்கு அப்போது உச்சம் எய்தியது.

போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. பாலாற்றங்கரையின் ஒரு சிறு நகரில், அரசின் கையை எதிர்பார்த்து நில்லாமல், தோல் வணிகர்கள் கூடி எழுப்பிய கல்லூரி அது. மேல்விசாரத்தைச் சேர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் சென்னை சென்டிரல் நிலையத்தருகே பயணிகள் தங்குவதற்கென சித்தீக் சராயைக் கட்டுவித்தார். அவருடைய பெயரால் அமைந்த கல்லூரி 1965இல் மேல்விசாரத்தில் தொடங்கப்பெற்றது. இவையெல்லாம் கட்டடங்கள், கண்ணுக்குத் தெரிபவை. நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கொடையைப் பற்றியது.

பெரியமேட்டு வணிகருள் தலையாயவர் ஜமால் முகமது சாகிப். அவருடைய தந்தையார் ஜமால் முகியித்தீன் சாகிப், பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரியை நிறுவியவர். அப்பகுதிக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. மைந்தரோ மதரஸாவோடு நிற்கவில்லை. சமயத்தைக் குறித்து இக்காலக் கல்வி கற்ற இளைஞர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூறவல்ல அறிஞர்களைச் சென்னைக்கு அழைத்துத் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்துவிப்பதெனத் திட்டமிட்டார். செலவை அவரே ஏற்றார்.

1925இல் வந்தவர் மௌலானா சையித் சுலைமான் நத்வி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையை முன்வைத்து அவர் உருது மொழியில் ஆற்றிய எட்டு உரைகள் 'குத்பாதே மதராஸ்' என்ற பெயரில் நூலாயின. 1927இல் வந்தவர் ஆங்கில நாவலாசிரியராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய மர்மடியூக் பிக்தால். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் 1930இல் வெளிவந்த ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. 1929 ஜனவரியில் வந்தவர் அல்லாமா இக்பால். இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் புத்தாக்கத்தைப் பற்றி அவர் எழுதிய, இன்றும் விவாதிக்கப்படுகிற நூலின் முதல் மூன்று உரைகள் சென்னையில் படிக்கப்பட்டவை. அந்நூல் ஆறு உரைகளுடன் 1930இல் லாகூரில் அச்சாயிற்று.

எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது. லாகூரிலோ அலிகாரிலோ அன்று. ஆவாரம்பட்டை நெடி வீசும் பெரியமேட்டு மண்டியின் வருவாயில் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம் சிந்தனையின் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. நத்வியாரின் நூல் தன் பெயரிலேயே சென்னையைத் தாங்கி நிற்கிறது. அழைத்தவரின் பெயரைத் தேடினால் முன்னுரைகளின் ஓரத்தில்தான் காணலாம்.

இங்கே ஒரு குறையையும் சொல்லாமலிருக்க இயலவில்லை. இம்மூவர் உரைகளுள் ஒன்றேனும் தமிழில் இல்லை. முதலாவது உருது, ஏனையவை ஆங்கிலம். அழைத்த வணிகரோ தமிழ் பேசும் இராவுத்தர் குலத்தவர். அவருடைய மண்டியில் மூட்டை சுமந்தவனுக்கும், ஊரில் அவருடைய உறவினருக்கும் விளங்காத மொழிகளில் அந்த அறிவு விருந்து நடைபெற்றது. அக்காலத்தில் 'கற்றோர் மொழி' என்ற மயக்கம் அத்துணை வலிமை வாய்ந்ததாக இருந்தது போலும். சீதக்காதி மரைக்காயர் உமறுவைத் தமிழில் பாடச் செய்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூராமல் இருக்க முடிகிறதா?

ஜமால் முகமது சாகிபின் ஈடுபாடு சமயத் துறையோடு முடியவில்லை. இந்திய வணிகரின் அனைத்திந்தியக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். 1931இல் இலண்டனில் காந்தியடிகள் கலந்துகொண்ட இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், ஜி.டி. பிர்லா ஆகிய இருவரோடு இந்திய வணிகத்தின் சார்பில் அமர்ந்தவர் இவர். பம்பாய், கல்கத்தா முதலாளிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களில் நிலைபெற்றன. அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்த சென்னைத் தோல் வணிகரின் பெயர் ஒரு கல்லூரியின் பெயராக மட்டும் எஞ்சியது.

அக்கல்லூரி தோன்றிய ஆண்டு 1951. ஜமால் முகமது சாகிபோடு திருச்சியின் ந.மு. காஜாமியான் இராவுத்தரும் அதன் நிறுவனராகப் போற்றப்படுகிறார். அதே 1951இல்தான் சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் புதுக்கல்லூரியும் தொடங்கிற்று. இவ்வாண்டை நாம் கவனித்தல் வேண்டும். நாடு துண்டாடப்பட்டு நான்கே ஆண்டுகள். எங்கும் ஐயப் பார்வை. சமுதாயத்தின் உள்ளத்தில் ஒரு சோர்வு. தோல் வணிகத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் 1948இல் சென்னையில் முஸ்லிம் லீகைப் புதுப்பித்து நின்ற காலம். அந்நேரத்தில் நிலத்தை விற்றுவிட்டுப் புறப்படுவோமா என்று எண்ணாமல், நிலம் வாங்கிக் கல்லூரி கட்டியவர்கள் இவர்கள். எல்லாச் சமயத்து மாணவர்க்கும் கதவு திறந்திருந்த கல்லூரிகள் அவை. 'இது எங்கள் ஊர். இங்கேயே இருப்போம்' என்பதை இதைவிட உரக்கச் சொல்ல ஒரு வணிகனால் ஆகுமா? நான் அறிந்த அளவில் இந்தக் கொடைகளுக்குள் மிகப் பெரியது அந்தத் துணிவே.

வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுதல் வணிக நேர்மையாகாது. செலவுப் பக்கமும் உண்டு.

சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களுடைய கைகளின் புண்ணும், முன்பணக் கடனும், சங்கம் அமைத்துப் போராடிய வரலாறும் திண்டுக்கல்லைக் களமாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலில் இடம் பெற்றன. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தது. கொடையாளியின் படம் மாட்டிய சுவரில் தொட்டித் தொழிலாளியின் படம் மாட்டிய கல்லூரி எதையும் நான் கண்டதில்லை.

மற்றொன்று பாலாறு. இதில் நடுநிலை தவறாமல் பேச வேண்டும். ஆவாரம்பட்டைக் காலத்திலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கழிவு ஓடையில் ஓடியதுண்டு. ஆனால் பெருங்கேடு விளைந்தது பின்னர். 1970களின் தொடக்கத்தில் நடுவண் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலையும் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்டே ஏற்றுமதி செய்யுமாறு தூண்டியது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமியம் முதலிய இரசாயனங்களும் பெருகின. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்ததாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்த செய்தி இடம்பெறுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுப் பகுதி மக்களுக்கு இழப்பீட்டை வழங்கவும், அதனை ஆலைகளிடமிருந்து வசூலிக்கவும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

1919இல் கல்லூரி கட்டியவர்மேல் 1980களின் குரோமியத்தைச் சுமத்துவது அநீதி. அதுபோலவே, அன்றைய கொடையைக் காட்டி இன்றைய ஆற்றை மறக்கச் சொல்வதும் அநீதி. புகழ்மாலை சூட்டுவோர் முதல் தவற்றைச் செய்வதில்லை. இரண்டாவதை அறியாமலே செய்துவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் பிரித்தறிந்து எழுத ஆதாரம் வேண்டும். தோல் மண்டிக் கணக்கேடுகள்தாம் அந்த ஆதாரம். பழைய வணிகர் வீடுகளில் பேரேடு எழுதும் வழக்கம் சீராக இருந்தது. எந்த ஊர் ஷாப்பிலிருந்து எத்தனை தோல் வந்தது, இலண்டனில் என்ன விலைக்குப் போயிற்று, தொட்டிக் கூலி எவ்வளவு, ஜகாத்தாகவும் தர்மமாகவும் சென்ற தொகை எவ்வளவு என்பன ஒரே ஏட்டின் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கக்கூடும். வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது இத்தகைய ஏடுகள் எடைக்குப் போகின்றன. எஞ்சியவற்றைக் கரையான் பார்த்துக்கொள்கிறது.

இவ்வணிகர்களின் பெயரால் விளங்கும் கல்லூரிகளில் வரலாற்றுத் துறைகளும் ஆய்வு மாணவர்களும் உளர். நிறுவனர் நாளன்று ஒரு பொன்னாடையைக் குறைத்துக்கொண்டு, அம்மாணவருள் நால்வரைப் பெரியமேட்டுக்கும் பாலாற்றங்கரைக்கும் அனுப்பி, பரண்மேல் இன்னும் மிஞ்சியிருக்கும் பேரேடுகளைத் திரட்டச் சொல்லலாம். தொட்டியில் இறங்கிய முதியவர்கள் சிலரும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.